எண்ணூர் ஆஸ்டின் காரும் அதன் பிரேக்கும்



பழைய ஆஸ்டின் ஏ40 காருக்குப் புது இன்ஜின் பொருத்தப்போவதாகவும், பிரேக்கில் எதை மாற்றுவது என்றும் திருவொற்றியூர் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காரின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

ரகுநந்தன் சரண் 1948-இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகன் பெயர். அடுத்த ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்கள் தயாராகி வெளிவந்தன. 1955-இல் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. லாரிக்குப் பெயர்போன எண்ணூர் முதலில் செய்தது கார்தான்!

ஏ40 இன்ஜின் 1200 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். பிரேக், இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனத்துடையது. நான்கும் டிரம், முன்சக்கரங்களுக்கு ஆயில் பிரேக், பின்சக்கரங்களுக்கு மெக்கானிக்கல் பிரேக். அன்றைய வேகத்துக்கு அது போதும்.

வகுப்பில் படித்ததை நினைவுபடுத்துங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 40 கி.மீ. வேகம் 80 ஆனால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. டிரம்முக்குள் சூடு தேங்கும், பிடிப்பு குறையும். டிஸ்க் திறந்திருப்பதால் சீக்கிரம் ஆறும். 1953-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு வென்றபோது உலகம் இதைக் கண்டுகொண்டது. 1962-இல் டி.வி.எஸ். குழுமமும், கர்லிங்கைத் தன்வசம் வைத்திருந்த லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. கப்பலில் வந்த தொழில்நுட்பம் நம் பாடிக்கே வந்து சேர்ந்தது.

அதற்காக முன்பக்கம் டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டால் வேலை முடியாது. டிரம் சுழலும்போது ஷூவைத் தானே இழுத்து அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பெடலைப் பலமாக மிதிக்க வேண்டும். அதனால் பூஸ்டர் தேவை. மாஸ்டர் சிலிண்டர் அளவும் காலிப்பர் பிஸ்டனுக்குப் பொருந்த வேண்டும். சிலிண்டர் சிறிதானால் பெடல் ஆழமாக இறங்கும். பெரிதானால் கல் போல் இறுகும்.

பின்பக்கத்தையும் ஆயில் பிரேக்காக மாற்றினால், இரண்டு தனி வழியுள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் கட்டாயம். ஒற்றை வழியில் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரமும் கைவிடும். ஹேண்ட் பிரேக் தனிக் கேபிளில் இருக்கட்டும். பின்பிரேக் முன்பிரேக்கைவிட முந்திப் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். அந்தச் சமநிலையைத் திறந்த வெளியில், குறைந்த வேகத்தில் சோதித்த பிறகே சாலைக்கு வர வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு கவனமும் உண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதன் கொதிநிலை இறங்கும். உப்புக்காற்று இரும்புக் குழாயை அரிக்கும். பழைய ஷூவில் கல்நார் இருக்கலாம். தூசியை வாயால் ஊதாதீர்கள்.

முன்னால் கன்டெய்னர் லாரி திடீரென நிற்கும் சாலை நம்முடையது. பட்ஜெட்டில் முதல் பங்கு பிரேக்குக்கு, மீதி இன்ஜினுக்கு.

எண்ணூர் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். நலமாக இருங்கள்.