கல் பெற்றோரும் கதை பெற்றோரும்: மாத்தளைக் கோட்டை இடுகாட்டை முன்வைத்து ஒரு நோக்கு

இறந்தாரை மறவாதிருத்தல் தமிழர்தம் தொன்மையான அறங்களுள் ஒன்று. போரிற் பட்ட வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நட்டு வழிபட்ட முறையினைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என வகுத்துரைக்கின்றது. கல்லில் உறையும் வீரன் ஊரைக் காப்பான் என மக்கள் நம்பினர். உரிய கடன்கள் செய்யப்பெறாது, காலமல்லாக் காலத்தில் மாண்டவரோ பேயாய் அலைவர் என்பது அந்நம்பிக்கையின் மறுபக்கம். ஆகவே நினைவுக்கல்லும் பேய்க்கதையும் ஒரே வேரிற் கிளைத்தவை எனலாம். இக்கருத்தை மனத்திற் கொண்டு மாத்தளையின் பழைய படைக்கோட்டை இடுகாட்டையும், அதனைச் சூழ்ந்த வரலாற்றையும் ஈண்டு நோக்குவோம்.

கண்டி அரசைக் கைப்பற்றக் கருதிய பிரித்தானியர், 1803ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் இரு படைகளை அனுப்பினர். அப்போரின்போது மாத்தளையில் எழுந்த கோட்டை, படைத்தலைவர் ஹே மக்டவலின் பெயரால் மக்டவல் கோட்டை எனப்பட்டது. பெப்ரவரியிற் கண்டி நகர் அவர்கள் கைப்பட்டதாயினும், அரசனும் மக்களும் நீங்கிய வெறும் நகரையே அவர்கள் பெற்றனர். பின்னர்க் காடும் காய்ச்சலும் போர் செய்தன. யூன் 24ஆம் நாள் கண்டியிலிருந்த மேஜர் டேவி சரணடைந்தார். அவர்தம் படையினருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். மாத்தளைக் கோட்டையைக் காத்துநின்ற கப்டன் மேட்ஜ், நடக்கவியலா நோயாளரைக் கைவிட்டுத் திருகோணமலை நோக்கிப் பின்வாங்கினார். கோட்டையின் வாயிலும் மதிலின் சில பகுதிகளுமே பிற்காலத்தார்க்கு எஞ்சின, உள்நிலம் இடுகாடாயிற்று. உயிர் காக்கக் கட்டப்பெற்ற அரண் உயிரற்றோர்க்கு உறைவிடமானமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இத்தகைய இடுகாடுகளின் இயல்பினை அறியக் கண்டியிலுள்ள பிரித்தானியப் படையினர் கல்லறைத் தோட்டம் பெரிதும் துணைசெய்யும். தலதா மாளிகைக்கு அண்மையில் அமைந்த அதில் ஏறத்தாழ 200 கல்லறைகள் உள்ளன. 1815இல் கண்டி ஒப்பந்தம் உருவாக வழிவகுத்த சேர் ஜோன் டொயிலி, 1824இல் மறைந்து அங்கே அடக்கமானார். வாட்டர்லூப் போர்க்களத்தில் உயிர்தப்பிய கப்டன் மக்கிளாசன், திருகோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்து வந்து, காய்ச்சல் கண்டு 1817இல் மாண்டார். யானையால் 1856இற் கொல்லப்பட்ட ரொபர்ட்சன் என்பாரின் கல்லறையும் அங்குள்ளது. யார், எப்போது, எதனால் இறந்தார் என்பதனை அவர்தம் உற்றார் கல்லிற் பொறித்தனர்.

இனிப் பேய்க்கதைகளை நோக்குவோம். அந்நிய மண்ணில், உற்றார் அருகின்றி மாண்ட வெள்ளைக்காரன் அமைதியுறான் எனும் எண்ணம் தமிழரிடையே வேரூன்றியிருந்தது. திருவிதாங்கூர்ப் போரில் 1809இற் புண்பட்டு மாண்ட ஆங்கிலப் படையதிகாரி ஒருவரின் ஆவிக்குத் திருநெல்வேலிப் பகுதி மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டனர். இதனைக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட தமது நூலிற் குறிப்பிட்டுள்ளார். இதனை அறியாமை என எள்ளி ஒதுக்குதல் எளிது. எனினும் பகைவனாக வந்தவனுக்கும் அவன் விரும்பியதைப் படைத்து ஆற்றுப்படுத்த முனைந்த மனம் இரக்கமுடைய மனமன்றோ? பழைய கோட்டைகளையும் கல்லறைகளையும் பற்றி இருளில் வழங்கும் கதைகள் யாவும், இங்கு ஒருவன் தன் ஊரினின்று வெகுதொலைவில் மாண்டான் என்னும் செய்தியையே சுமந்து வருகின்றன.

கல்லும் இன்றி, கதையும் இன்றி மாத்தளை மண்ணிற் கலந்தோரும் உளர். கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பெற்ற தென்னிந்தியத் தமிழர், மன்னார்க் கரையில் இறங்கி, அடர்காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பசி ஆகியவற்றால் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். தோட்டத்தை அடைந்த பின் மாண்டோரும் பலர். 1840களில் மாண்ட தொழிலாளர் தொகை ஏறத்தாழ 70,000 என 1849இற் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இவ்வெண் மிகையென வாதிடும் ஆய்வாளரும் உளர். எண்ணிக்கையே ஐயத்திற்குரியதாகுமாறு மனிதர் மறைந்தனர் என்பதே இதன் பெருந்துயரம். திருநெல்வேலியில் வெள்ளையன் ஒருவனின் ஆவிக்குச் சுருட்டுப் படைத்த செய்தி நூலில் ஏறிய அதே ஆண்டில், இத்தமிழர் மதிப்பீட்டு எண்ணாகவே எஞ்சினர்.

அவர்களுக்கு அடையாளமாக நின்றது கோயில் ஒன்றே. மரத்தடியில் வைத்து வழிபட்ட முத்துமாரியம்மனுக்கு மாத்தளையில் 1874இற் கோயில் எழுந்தது. அம்மைக்கும் கொள்ளைநோய்க்கும் தப்பி வந்தோர் மாரியைத் தொழுததில் வியப்பில்லை. 1983 யூலை வன்செயலில் அக்கோயில் தீக்கிரையாகியது; பின்னர் மீளவும் எழுந்தது.

பெயரறியாப் பிணங்கள் பழங்காலத்திற்கு மட்டும் உரியனவல்ல. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் நிலம் அகழ்ந்தபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்வில் அவற்றின் தொகை 150ஐக் கடந்தது. 1980களின் இறுதியில் நிகழ்ந்த கிளர்ச்சிக் காலத்தவை என ஒரு சாராரும், அதற்கு நெடுங்காலம் முற்பட்டவை என மறு சாராரும் கொண்டனர். மகனைத் தேடிய தாய்மார்க்கு அம்முரண்பாடு எவ்வாறு ஆறுதலாகும்?

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. யூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் நிறைவெய்திய அப்பயணத்தில், முன்னோர் வீழ்ந்த வழியிலேயே பின்னோர் நடந்தனர். கல் நாட்ட இடமறியாதபோது, நடந்த வழி முழுவதையும் நடுகல்லாகக் கொண்ட செயல் அது.

படையினர் கல்லறைகளைப் பேணுதல் தவறன்று. இறந்தவரிடம் பகைமை பாராட்டுதல் தமிழ் மரபுமன்று. ஆயின் கல்லெழுத்தை மட்டும் வரலாறெனக் கொள்வோமாயின், எழுதுவோரைப் பெற்றவர் மட்டுமே வாழ்ந்தவராவர். தோட்டப் பேரேடுகளில் எஞ்சிய பெயர்களைத் தொகுத்தலும், முதியோர் வாய்மொழிகளையும் ஒப்பாரிகளையும் பதிவுசெய்தலும், வீழ்ந்தோர் வழியில் ஒரு கல்லேனும் நாட்டுதலும் தமிழ் பயிலும் மாணாக்கர்க்குரிய கடன்களாம். நாம் அஞ்சவேண்டியது இடுகாட்டுப் பேய்க்கன்று. பேயாய் வந்தேனும் தம்மை நினைவூட்ட ஒரு கதையும் பெறாதோரை மறந்துவிடும் நம் மறதிக்கே.