பத்துக் கல்லூரிகள் மூன்றான கதை

சிறிய பாடசாலைகளைப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு நமது பகுதிகளிலும் அடிக்கடி எழுகிறது. “கூட்டம் வைத்து நம்மிடம் கேட்பார்கள்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று நம்மில் பலர் இருக்கிறோம். கேட்பது உண்மைதான். ஆனால் எதைக் கேட்பார்கள்? அதற்காகவே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கதையை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அங்கே பாடசாலை முடித்தவர்கள் தொழில் படிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. நமது தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை, ஆனால் விரிந்தவை. பதினாறு வயதுப் பிள்ளையும் வருவார், வேலை இழந்த ஐம்பது வயதுக்காரரும் வருவார், பிள்ளை வளர்ந்தபின் படிக்க நினைக்கும் தாயும் வருவார். 2005 இன் தொடக்கத்தில் கிளாஸ்கோ நகருக்குள் இப்படிப் பத்துக் கல்லூரிகள் இருந்தன. கட்டடத் தொழிலுக்கும் அச்சுத் தொழிலுக்கும் ஒன்று, உணவுத் தொழிலுக்கு ஒன்று, கப்பல்துறைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்.

அவற்றில் ஸ்டோ கல்லூரியைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1934 இல் தொடங்கிய அது, இத்தகைய கல்விக்கென்றே அந்நகரில் கட்டப்பட்ட முதல் கல்லூரி. டேவிட் ஸ்டோ என்பவரின் பெயர் அதற்கு. அவர் ஆசிரியரல்ல, வியாபாரி. 1816 இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு ஆரம்பித்து, பின்னர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரியை அந்நகரில் உருவாக்கினார். விளையாட்டு முற்றத்தைக் “கூரையில்லாத வகுப்பறை” என்று கருதியவர். இடைவேளைக்கு மணி அடிக்கும்போது நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

இணைப்பு மெதுவாகத்தான் தொடங்கியது. 2005 இல் கட்டட, அச்சுக் கல்லூரியும் உணவுக் கல்லூரியும் சேர்ந்து மெட்ரோபொலிட்டன் கல்லூரியாயின. பத்து ஒன்பதானது. அடுத்து நகர மையத்தில் இருந்த நான்கு கல்லூரிகளை ஒன்றாக்கும் யோசனை வந்தது. ஸ்டோ அந்த நான்கில் ஒன்று. ஆனால் அது விலகிக்கொண்டது. மற்ற மூன்றும் 2010 செப்டெம்பர் 1 இல் ‘சிட்டி ஒஃப் கிளாஸ்கோ’ கல்லூரியாயின. 1993 முதல் கல்லூரிகள் உள்ளூராட்சியின் கையில் இருந்து விடுபட்டுத் தமது சபைகளாலேயே நிர்வகிக்கப்பட்டன. ஆகவே ஒரு சபை “வேண்டாம்” என்றால் அந்தச் சொல்லுக்கு நிறை இருந்தது.

ஓராண்டுக்குள் காற்று திரும்பியது. 2011 செப்டெம்பரில் ஸ்கொட்லாந்து அரசாங்கம் ஒரு கலந்தாலோசனை ஆவணம் வெளியிட்டது. கல்லூரிகளைப் பிராந்தியவாரியாக ஒழுங்கமைப்பது அதன் எண்ணம். அதே காலத்தில் கல்லூரிகளுக்கான பணமும் வெட்டப்பட்டது. பணம் குறையும்போது “தனியே நிற்போம்” என்று எவ்வளவு காலம் சொல்ல முடியும்? 2013 இல் ஸ்டோ, ஜோன் வீட்லி, நோர்த் கிளாஸ்கோ மூன்றையும் சேர்க்கும் முறை வந்தபோது பேச்சு “சேர்வதா” என்பதில் இருந்து “எப்படிச் சேர்வது” என்பதற்கு மாறியிருந்தது. நமது பார்வையில் இந்த வரலாற்றின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முன்னரே, வரவுசெலவுத் திட்டத்தில் கேள்வி சுருங்கிவிட்டது.

நவம்பர் 1 இல் மூன்றும் சேர்ந்து கிளாஸ்கோ கெல்வின் கல்லூரி உருவானது. மூன்றில் எதன் பெயரும் இல்லை. (பெயர்ச் சண்டை நமக்குப் புதிதா என்ன!) சுரங்கத் தொழிலாளியாக இருந்து 1924 இல் சுகாதார அமைச்சராகி, தொழிலாளர்களுக்கு வீடு கட்டச் சட்டம் கொண்டுவந்த ஜோன் வீட்லியின் பெயரும் அப்படித்தான் கல்லூரிப் பலகையில் இருந்து இறங்கியது. அதே ஆண்டு ஓகஸ்டில் தெற்கிலும் மேற்கிலும் இருந்த வேறு மூன்று கல்லூரிகள் கிளைட் கல்லூரியாகியிருந்தன. எட்டு ஆண்டுகளில் பத்து மூன்றானது.

நன்மையே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. சிட்டி கல்லூரிக்கு 228 மில்லியன் பவுண் திட்டத்தில் 2015 இலும் 2016 இலும் இரண்டு புதிய வளாகங்கள் திறக்கப்பட்டன. தனித்தனியே இருந்திருந்தால் அப்படியொரு வசதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நாடு முழுவதும் பகுதிநேர மாணவர் தொகை 2007 இல் இருந்து ஆறேழு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இணைப்பு மட்டும் காரணமல்ல. இளைஞர்களின் முழுநேரப் படிப்புக்கே முதலிடம் என்ற கொள்கைதான் பெரிய காரணம். எப்படியோ, அந்த ஐம்பது வயதுக்காரருக்கும் அந்தத் தாய்க்கும் இடம் குறைந்தது. இன்னும் சேராத மாணவரை எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதில்லை. பழைய மாணவர் வருவார், அதிபர் வருவார், தொழிற்சங்கம் வரும். நமது ஊரில் கூட்டம் வைத்தாலும் முன்வரிசையில் இருப்பவர்கள் இவர்கள்தான். அடுத்த வருடம் முதலாம் ஆண்டில் சேர வேண்டிய, தோட்டத்து மூலையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்காக யார் பேசுவது?

ஸ்டோவின் பழைய கட்டடம் பின்னர் கிளாஸ்கோ கலைக் கல்லூரிக்கு விற்கப்பட்டது. அவர்கள் அதை இன்றும் ‘ஸ்டோ கட்டடம்’ என்றே அழைக்கிறார்கள்.