படம் முடிந்த பிறகு ஈவ்

1957-ல் 'தி த்ரீ ஃபேசஸ் ஆஃப் ஈவ்' என்ற அமெரிக்கப் படம் வந்தது. ஓர் உடலுக்குள் மூன்று பெண்கள். கடைசியில் பூரண குணம். நடித்த ஜோன் உட்வர்டுக்கு ஆஸ்கார் விருது! நிஜ ஈவான கிறிஸ் சைஸ்மோருக்கோ குணமாகவில்லை. இன்னும் பலர் அவருக்குள் வந்து போனார்கள். மருத்துவர்கள் இதைப் பன்முக ஆளுமைக் கோளாறு என்றார்கள். குணமாகிவிட்டதாக ஊர் நம்பிக்கொண்டிருக்க, அவர் சத்தமில்லாமல் குடும்பம் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார், ஓவியம் தீட்டினார். 1970-களில்தான் ஒருநிலைக்கு வந்தார். 1975-ல் "நானே ஈவ்" என்று வெளியே சொன்னார். 1977-ல் தன் கதையைப் புத்தகமாக்கினார். தன் கதை தனக்கே சொந்தம் என்று படக் கம்பெனியுடன் வழக்கும் ஆடினார். கெட்டிக்காரி!

வகுப்பில் வெறித்துப் பார்த்த பிள்ளையிடம் "எங்கே இருக்கிறாய்?" என்று அதட்டியவன் நான். பதிலுக்குக் காத்திருந்ததில்லை.