எட்வர்ட் ரோஜாவின் எட்வர்ட் யார்?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் 99 மலர்களில் ரோஜா இல்லை. பெயரிலேயே அயல்வாடை அடிக்கும் அந்தப் பூ, இன்று சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் பனமரத்துப்பட்டி அரளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிலோக் கணக்கில் எடைபோடப்படுகிறது. நீண்ட காம்போடு கண்ணாடித்தாளில் சுற்றி விற்கும் ரோஜாவை நான் சொல்லவில்லை. மாலையிலும் கூந்தலிலும் ஏறும் உதிரிப்பூ இது. கைபட்டால் இதழ் கொட்டிவிடும். மணம் மட்டும் மாலைவரை விரலில் நிற்கும். பூக்காரர்கள் இதை எட்வர்ட் ரோஜா என்பார்கள். சிலர் பன்னீர் ரோஜா என்பார்கள்.

அந்த எட்வர்ட், 1875இல் இளவரசராகச் சென்னை வந்துபோன ஏழாம் எட்வர்டுதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். நம் ஊரில் மணிக்கூண்டுகளுக்கும் பூங்காக்களுக்கும் அரசர் பெயர் வைத்ததுபோலப் பூவுக்கும் வைத்திருப்பார்கள் என்ற எண்ணம். உண்மையில் இந்தப் பெயர் இங்கிலாந்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பிரெஞ்சுப் பெயரான எதுவார் நம் நாவில் எட்வர்டாகிவிட்டது.

கதை நடந்த இடம் இந்தியப் பெருங்கடலில் அன்று பூர்போன் என்றும் இன்று ரீயூனியன் என்றும் வழங்கும் தீவு. அங்கே நிலங்களைப் பிரிக்க ரோஜாச் செடிகளை வேலியாக நடுவது வழக்கம். இரண்டு வகை ரோஜாக்கள் வேலியில் நின்றன. ஒன்று சீன ரோஜா. மணம் குறைவு, ஆனால் துளிர்க்கும்போதெல்லாம் பூக்கும். மற்றது டமாஸ்க் ரோஜா. மணத்தில் அரசி, பூப்பதோ பருவம் பார்த்து. 1817 வாக்கில் செயிந்த் பெனுவா பகுதியில், எதுவார் பெரிஷோன் என்பவரின் வேலியில் இரண்டிலும் சேராத ஒரு செடி கண்ணில் பட்டதாகச் சொல்லப்படுகிறது. தேனீயோ காற்றோ செய்துவைத்த கலப்புமணம். தீவின் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த பிரேயோன் அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்ப, ஓர்லேயான் கோமகனின் தோட்டக்காரர் ழாக் அவற்றை முளைக்கவைத்தார். பூர்போன் ரோஜா என்ற பெரும் குலம் அங்கிருந்து கிளைத்தது.

இந்தச் செடி முன்பே 1787இல் தொடங்கிய கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தில் இருந்து, அங்கிருந்துதான் தீவுக்குப் போனது என்று வாதிட்டோரும் உண்டு. சீனத்து ரோஜாக்கள் மேற்கே போகும் வழியில் கல்கத்தா ஒரு தங்குமடமாக இருந்ததால் அதையும் தள்ளிவிட முடியாது.

வேலிக்கு உரிமையாளர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. வேலியை நட்டு வெட்டிய கைகள் யாருடையவை? 1817இல் அந்தத் தீவு அடிமைகளின் உழைப்பில் நடந்த தீவு. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் அந்த வேலைக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்கள் போனார்கள். அவர்களின் வழிவந்தோரை இன்றும் அங்கே மலபார் என்கிறார்கள். ஒரு பூவின் பெயரைத் தேடிப் போய் அங்கே நம்மவர்களைச் சந்திப்போம் என்று நான் நினைக்கவில்லை.

ரோஜா ஆர்வலர்கள் 1867ஆம் ஆண்டை ஓர் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டு வந்த 'லா பிரான்ஸ்' முதல் ஹைபிரிட் டீ ரோஜா. அதற்கு முந்தைய குலங்களெல்லாம் பழந்தோட்ட ரோஜாக்கள். இந்தக் கணக்கில் நம் கொல்லைப்புற எட்வர்ட், ஐரோப்பியர் பொக்கிஷமாகப் போற்றும் வரிசையில் உட்கார வேண்டியது. நாம் அதை நாட்டு ரோஜா என்று சொல்லி வாசல் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த பெரிய பூச்செடிகள் இரண்டு கோடையைத் தாண்டி என் வீட்டில் நின்றதில்லை. சுமார் 1500 மீட்டர் உயரத்துக் குளிரில் செழித்ததைச் சித்திரை வெயிலில் வைத்தால் அது என்ன செய்யும்! ஒட்டுக்கட்டிய மேல்பகுதி கருகிப்போக, ஒட்டுக்குக் கீழிருந்து வேர்ச்செடி மட்டும் தழைத்தது. எட்வர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. தன் வேரிலேயே நிற்பதால் அடிவரை காய்ந்தாலும் அதுவாகவேதான் துளிர்க்கும். பல இடங்களில் மற்ற ரோஜாக்களை ஒட்டுவதற்கே அதை வேர்ச்செடியாக வைத்திருக்கிறார்கள்.

செடி வாங்குவோர் பெயரை நம்ப வேண்டாம். பன்னீர் ரோஜா என்று விற்பவை எல்லாம் ஒன்றல்ல. டமாஸ்கின் தண்டு முழுக்க நெருக்கமான முட்கள், மங்கிய இலை, வெளிர்சிவப்புப் பூ. எட்வர்டின் முள் குறைவு. பூவின் சிவப்பு அழுத்தமானது. ஆண்டு முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும். பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை மூன்று நான்கு கணுவோடு வெட்டி, மழைக்காலத்தில் செம்மண்ணும் மணலும் கலந்து நட்டால் போதும். ஐப்பசியில் கவாத்து. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் இலையை மஞ்சளாக்கும். மழைநீரைப் பிடித்து ஊற்றினால் தெளியும்.

சென்ற ஆண்டு ராசிபுரத்துக்கு அருகே உறவினர் தெருவில் ஒரு ஓட்டுவீட்டை இடித்தார்கள். கொல்லையில் தோள் உயரம் நின்ற செடியை மறுநாள் இயந்திரம் பெயர்க்கப்போகிறது என்றறிந்து குச்சிகள் கேட்டேன். அந்த வீட்டு அம்மையார் தாமே அரிவாளால் வெட்டித் தந்தார். பெயர் என்ன என்றதற்கு, “பேரென்ன கண்ணு, ரோசாதான். எங்கம்மா ஊட்டுலிருந்து ஒடிச்சுட்டு வந்தது” என்றார்.

ஆறு குச்சிகளில் நான்கு பிழைத்தன. தை மாதத்தில் பூத்தது. எட்வர்டேதான்.