கிரெப்: மூலநிரலில் ஒரு சொல்லைத் தேடுதல்

கிரெப் என்பது யுனிக்ஸ் இயங்குதளத்தில் தோன்றிய தேடல் கட்டளை ஆகும். ஒரு சொல்லைக் கொடுத்தால், கோப்புகளில் அச்சொல் இடம்பெறும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். இயங்குதளங்களின் மூலநிரலைப் படிப்போர் 50 ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் இக்கருவியின் கதை, ஓர் இலக்கிய ஐயத்துடன் தொடர்புடையது.

தோற்றம்

1787, 1788 ஆம் ஆண்டுகளில், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் வெளிவந்தன. ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவரும் பப்ளியஸ் என்ற ஒரே புனைபெயரில் அவற்றை எழுதினர். அதனால் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா, மேடிசனா என்ற ஐயம் நீடித்தது. 1964 இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியலாளர்கள் மிகச் சாதாரணமான சொற்களை எண்ணிப் பார்த்தனர். ‘அப்பான்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் அடிக்கடி பயன்படுத்தினார். மேடிசன் அரிதாகவே பயன்படுத்தினார். இத்தகைய சொற்களைக் கொண்டு, அந்த 12 கட்டுரைகளும் பெரும்பாலும் மேடிசனுடையவை என்று அவர்கள் முடிவு கூறினர்.

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லீ மக்மேகனும் இக்கட்டுரைகளைக் கணினியில் ஆராய விரும்பினார். ஆனால் அன்றைய உரைத்தொகுப்பியான ‘எட்’, அவ்வளவு பெரிய கோப்பைத் தாங்கவில்லை. அதிலிருந்த தேடும் பகுதியை மட்டும் பிரித்துக் கென் தாம்சன் தனிக்கருவி ஆக்கினார் என்று பிரையன் கெர்னிகன் விளக்கியுள்ளார். 1973 இல் இது யுனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்றது. ‘கோப்பு முழுவதும் தேடு, பொருந்தும் வரியை அச்சிடு’ என்னும் பொருள்படும் ‘எட்’ கட்டளையின் எழுத்துகளே இதன் பெயராயின.

லினக்ஸில் ஒரு சொல்

2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்டு காவலர் ஒருவரால் கொல்லப்பட்டபின், கணினிச் சொற்களும் கேள்விக்கு உள்ளாயின. ஒரு கருவி மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதை, ஆண்டான், அடிமை எனப் பொருள்படும் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்ற சொற்களால் குறிப்பது நெடுங்கால வழக்கம். அடிமை முறையின் வடுவைச் சுமக்கும் இவற்றைப் புதிய நிரலில் தவிர்க்குமாறு, லினக்ஸ் கருநிரலின் எழுத்து நெறிமுறையில் அவ்வாண்டு ஒரு பகுதி சேர்க்கப்பட்டது.

கருநிரல் பல கோடி எழுத்துகள் கொண்டது. அதில் இச்சொற்களைத் தேடுவது எளிது. ஒரே கட்டளை போதும். ஆனால் வந்து விழும் வரிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ‘மாஸ்டர்’ என்று தேடினால் ‘வெப்மாஸ்டர்’ என்பதும் அகப்படும். முழுச்சொல்லை மட்டும் தேட வேறு குறி தர வேண்டும். தவிர்க்கச் சொல்லும் அந்த நெறிமுறையும் தேடலில் வரும், ஏனெனில் அதிலும் அச்சொற்கள் உள்ளன. வலையமைப்பு இணைப்புகளை ஒன்றுசேர்க்கும் பகுதியில், பயனர் காணும் கோப்பின் பெயரே ‘ஸ்லேவ்ஸ்’ என்பதாகும். அதை மாற்றினால், அப்பெயரை நம்பியுள்ள நிரல்கள் இயங்காமல் போகும். எனவே பயனர் இடைமுகங்களுக்கும், வன்பொருள் விவரக்குறிப்புகள் கட்டாயமாக்கும் சொற்களுக்கும் நெறிமுறை விலக்கு அளித்தது.

தேடி மாற்றும் வசதியால் எல்லா இடங்களிலும் ஒரே நொடியில் சொல்லை மாற்றிவிட முடியும். அவ்வாறு செய்யாமல், ஒவ்வொரு வரியும் எங்கே, எதற்காக எழுதப்பட்டது என்று படித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பப்ளியஸ் கட்டுரைகளிலும் எண்ணிக்கை சான்றைத்தான் தந்தது. அதன் பொருளை ஆய்வாளர்களே உணர்ந்து கூறவேண்டியிருந்தது.