பத்து டாலர் பையனும் எலிசபெத் டர்னரும்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமம் ஒன்றில் அப்பா இறந்துவிட்டார், அம்மாவுக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது? ஊர் வரிப்பணத்தில்தான் போடணும். அதைத் தவிர்க்க, இங்கிலாந்தின் பழைய ஏழைகள் சட்டத்திலிருந்து வந்த ஒரு வழி இருந்தது. பிள்ளையை ஒரு விவசாயியிடமோ கைத்தொழில்காரரிடமோ ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பையன் என்றால் 21 வயது வரை, பெண் என்றால் பெரும்பாலும் 18 வரை. சம்பளம் கிடையாது. சாப்பாடு, துணி, தங்க இடம், தொழில், கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றுத்தருவது, அவ்வளவுதான். கையெழுத்துப் போடுவது அதிகாரியும் எஜமானரும். பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பெற்றவர்களே எழுதிக் கொடுத்ததும் உண்டு. வட கரோலினாவின் ராலி ஊரில் அப்பாவை இழந்த ஒரு பையனை, வறுமை தாங்காமல் அவன் அம்மா ஒரு தையல்காரரிடம் அப்படித்தான் விட்டார். 1824இல் அவன் அண்ணனோடு ஓடிப்போனான். பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று எஜமானர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அந்தப் பையன் பெயர் ஆண்ட்ரூ ஜான்சன். 1865இல் லிங்கன் கொல்லப்பட்டதும் நாட்டின் ஜனாதிபதி ஆனவர் அவரேதான்!

இப்போது மேரிலாந்துக்கு வருவோம். அங்கே அடிமைமுறை ஒழிந்த நாள் 1864 நவம்பர் 1. அடுத்த சில நாட்களிலேயே பழைய எஜமானர்கள் கறுப்பினக் குழந்தைகளை நீதிமன்றத்துக்கு இழுத்துப் போய், ‘தொழில் பழக’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்படி மாட்டினார்கள். பல பெற்றோர் அழுது தடுத்தும் பலனில்லை. டால்பட் கவுண்டியைச் சேர்ந்த எலிசபெத் டர்னர் என்ற சிறுமி, விடுதலை கிடைத்த இரண்டே நாளில் பழைய எஜமானரிடமே திரும்பிப் போனாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய படிப்பு, அவளுடைய ஒப்பந்தத்தில் இல்லை.

அந்த ஒரு வரி இல்லாததுதான் பிறகு அவளுக்குக் கைகொடுத்தது. 1867இல் வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி சால்மன் சேஸ், இது கட்டாய ஊழியம், 13ஆவது திருத்தத்துக்கு விரோதம் என்றார். இனத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்பது 1866ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்துக்கும் எதிரானது என்று சொல்லி அவளை விடுவித்தார்.

அந்த 1866 சட்டம் வரக்கூடாது என்று வீட்டோ போட்ட ஜனாதிபதி யார் தெரியுமா? 10 டாலர் விலை வைத்துத் தேடப்பட்ட அதே ஆண்ட்ரூ ஜான்சன். காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றிய அந்தச் சட்டமும் எலிசபெத்தின் விடுதலைக்குக் கைகொடுத்தது. தான் பட்ட கஷ்டம் அடுத்தவர் கஷ்டத்தைப் புரியவைக்கும்னு நாம நம்புறோம். எப்போதும் அப்படி நடக்கிறதில்லை.