பெர்லினில் அச்சான அணா

ஏர் பூட்டி உழும் விவசாயி, ராட்டை சுற்றும் பெண், காயம்பட்ட வீரனைக் கவனிக்கும் தாதி, இந்திய வரைபடத்தின் மேல் அறுந்து கிடக்கும் சங்கிலி, இயந்திரத் துப்பாக்கியோடு ஒரு சீக்கியச் சிப்பாய். இந்தப் படங்களுக்கு அருகே 'ஆசாத் ஹிந்த்' (சுதந்திர இந்தியா) என்று ரோமன் எழுத்தில் பொறித்த சின்னஞ்சிறு தபால்தலைகள் உண்டு. ஜெர்மனியின் போர்க்காலக் காகிதங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இவற்றை இன்றும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சிப்பாயிடம் இருப்பது ஜெர்மன் ராணுவத்தின் எம்ஜி 34 ரகத் துப்பாக்கி. தபால்தலை எந்த ஊரில் பிறந்தது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மலாக்காவின் ஜாசின் வட்டாரத்துத் தமிழர்களுக்கு இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. எந்த அரசாங்கத்தின் பெயரை இந்தத் தலைகள் தாங்கினவோ, அது பிரகடனமானது சிங்கப்பூரில். அதற்கு ஆளும் பணமும் தந்தவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. தாலியும் தோடும் கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மக்களுக்காக அச்சானதாகச் சொல்லப்பட்ட தபால்தலை அவர்கள் கையில் ஒருமுறைகூடப் படவில்லை.

பிறந்த விதம் இது. 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து தப்பினார். காபூல், மாஸ்கோ வழியாக, ஓர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியப் பெயரில் ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார். அந்த நவம்பரில் அங்கே சுதந்திர இந்திய மையம் தொடங்கியது. மையத்தில் இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் ஒரு நாட்டுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் காகிதத்திலும் ஒலியிலும் முன்கூட்டியே செய்து வைத்தார்கள். 'ஜெய் ஹிந்த்' என்ற வணக்கம் அங்கே நிலைபெற்றது. 1942 செப்டம்பரில் ஹாம்பர்க் நகரில் 'ஜன கண மன' தேசிய கீதமாக இசைக்கப்பட்டது. ஆசாத் ஹிந்த் வானொலி பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்து ஒரு படைப்பிரிவு திரட்டப்பட்டது. கொடி, கீதம், படை என்று வந்த வரிசையில் தபால்தலையும் சேர்ந்தது.

படங்களை வரைந்தவர்கள் வெர்னர், மரியா ஃபான் ஆக்ஸ்டர்-ஹொய்ட்லாஸ் என்ற ஜெர்மன் தம்பதியர். அச்சிட்டது பெர்லினில் இருந்த அரசு அச்சகமான ரைஷ்ட்ருக்கெராய். ஆண்டு 1943. மதிப்புகள் அரை அணாவிலிருந்து ஒரு ரூபாய் வரை போயின. சிலவற்றில் கட்டணத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு இன்னொரு தொகையும் அச்சாகியிருக்கும். உச்ச மதிப்புத் தலையில் 1 ரூபாய் கூட்டல் 2 ரூபாய். முதல் எண் தபால் செலவு, இரண்டாவது நன்கொடை. ஜெர்மனி தன் சொந்தத் தபால்தலைகளிலும் வழக்கமாகச் செய்துவந்த ஏற்பாடு இது. மற்றவை லட்சக்கணக்கில் அச்சாக, பல வண்ணத்தில் வந்த அந்த உச்ச மதிப்புத் தலை மிகச் சொற்பமாகவே வெளிவந்தது. சேகரிப்பாளர்கள் அதைத்தான் துரத்துகிறார்கள். மதிப்பு ஏறிய எதற்கும் போலி வந்துவிடும் என்பதால், வாங்க நினைப்பவர்கள் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

இந்தக் காகிதத்தின் மேல் இருக்கும் கறையைச் சொல்லாமல் அழகை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது. அதை அச்சிட்ட அரசு லட்சோப லட்சம் யூதர்களைக் கொன்று குவித்த நாஜி அரசு. 1942 மே மாதம் ஹிட்லரை போஸ் நேரில் சந்தித்தார்; இந்திய விடுதலையை ஆதரித்து அவர் கேட்ட அறிவிப்பு கிடைக்கவில்லை. வாயால் தராத சுதந்திரத்தை அந்த அரசின் அச்சகம் அணாக் கணக்கில் அடித்துக் கொடுத்தது. நாஜிக் காலக் காகிதங்களைச் சேர்ப்பவர் எவரும், எதற்காகச் சேர்க்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சான்றாக வைத்திருப்பது ஒன்று, கொண்டாடுவது வேறொன்று. முதலாவதை மதிக்கிறேன். இரண்டாவது எனக்கு அருவருப்பு.

1943 பிப்ரவரியில் போஸ் கீல் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஏறினார். கூடப் போனவர் ஆபித் ஹசன் ஒருவரே. ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் பக்கத்துக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங்கில் இறங்கினார். ஜூலையில் சிங்கப்பூர். அக்டோபர் 21ஆம் தேதி கதே அரங்கத்தில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு பிரகடனம். மறுநாளே பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைவர் கடல் கடந்து வந்துவிட்டார்; தபால்தலைகள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டன. எந்தத் தபாலகத்திலும் அவை விற்பனைக்கு வரவில்லை, எந்தக் கடிதத்தையும் சுமக்கவில்லை. போர் முடிந்தபின் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் போய் ஒட்டிக்கொண்டன.

அதே ஆண்டுகளில் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் மக்கள் கையாண்ட காகிதம் வேறு. 1942 ஜனவரி நடுவில் மலாக்கா ஜப்பானியர் வசமானது. பழைய நீரிணைக் குடியேற்றத் தபால்தலைகளின் மேல் ஏப்ரலில் மலாக்கா ராணுவ நிர்வாகத்தின் சிவப்பு முத்திரையைக் குத்தினார்கள். முத்திரை அத்தனை பெரிது; 4 தலைகளைச் சேர்த்து வைத்தால்தான் முழுதாகத் தெரியும். தனித் தலையில் கால்வாசிதான் விழுந்திருக்கும். இந்த முத்திரை மலாக்காவுக்கே உரியது. பிற்பாடு வந்த தலைகளில் ஜப்பானிய ஆண்டான 2602 அச்சானது, அது 1942.

பணமும் மாறியது. 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் போட்டிருந்ததால் மொத்தப் பணத்துக்குமே வாழை நோட்டு என்று பெயர் விழுந்தது. 'கேட்டவுடன் தருவோம்' என்று நோட்டில் வாக்குறுதி இருக்கும், கையெழுத்து இருக்காது. முதலில் வந்தவற்றில் தொடர் எண் இருந்தது. பிறகு அச்சடித்துத் தள்ளிய வேகத்தில் எண்ணை விட்டுவிட்டு, 'எம்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகள் மட்டும் போட்டார்கள். அரிசி விலை எட்டாத உயரம் போக, மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் வாழை நோட்டு செல்லாது என்று ஆனது. பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தவரும் ஒரே இரவில் வெறுங்கையர்.

இந்த இரண்டு வகைக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கம் வருகிறது. ஒரு கடிதத்தையும் சுமக்காத பெர்லின் தலைகளுக்கு அட்டவணை உண்டு, வண்ண வேறுபாட்டுப் பட்டியல் உண்டு, துளையிட்டது துளையிடாதது என்று வகை பிரிப்பு உண்டு. உண்மையில் தங்கள் சம்பாத்தியத்தைக் கொடுத்தவர்களின் நன்கொடை ரசீது, நன்கொடை திரட்டிய இந்திய சுதந்திரச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு இவற்றுக்கு அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது, வம்பு எதற்கு என்று எத்தனை குடும்பங்கள் அடுப்பில் போட்டிருக்கும்! லயத்தை விட்டு டவுன் வீட்டுக்குக் குடிபோனபோது எத்தனை குப்பைக்குப் போயிருக்கும்! மலாயாத் தமிழரின் வரலாற்றுக்கு, பெயர் எழுதிய ஒரு ரசீது நூறு ஆசாத் ஹிந்த் தபால்தலைகளைவிடப் பெரிய சான்று. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே மெர்லிமாவ், பெம்பான், செலாண்டார், ஆசஹான் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் தகரப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். கிழிந்த எதையும் ஒட்டு நாடா போட்டு ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக்கில் உருக்கி மூடாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். முத்திரை குத்திய தலை உறையில் இருந்தால் வெட்டி எடுக்க வேண்டாம், உறையோடு இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். ஈரமும் ராமபாணப் பூச்சியும் எட்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். இரு பக்கமும் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று தனித்தாளில் எழுதிச் சேருங்கள். பெயரையும் தோட்டத்தையும் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கேளுங்கள்.